கும்பினியின் ஊழியரும் கொள்ளிடத்து அணைகளும்



தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் சாலை நெடிய சாலையன்று. ஒரு காதத்துக்குள் அடங்கிவிடும். ஆயினும் அச்சிறு தொலைவில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடந்தாக வேண்டும். ஐந்தாவது பாலத்தைத் தாண்டியதும் ஐயாறப்பர் கோயிலின் கோபுரம் கண்ணில் படும். சிறுவனாக இருந்தபோது என் பாட்டனாருடன் அவ்வழியே பலமுறை சென்றிருக்கிறேன். ஒவ்வொரு பாலத்திலும் அவர் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார். "தண்ணீர்" என்பார், அல்லது "மணல்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசமாட்டார். அந்த ஒற்றைச் சொல்லைப் பொறுத்துத்தான் எங்கள் வீட்டில் அவ்வாண்டு பேச்சும் சிரிப்பும் இருக்கும் என்பதை நான் வளர்ந்த பின்பே அறிந்தேன்.

இந்த ஐந்து ஆறுகளில் நீர் வற்றாதிருக்க வேண்டும் என்று ஓர் எண்ணம் கொண்டவரைப் பற்றியும், அந்த எண்ணத்துக்குப் பணம் கிடைத்த வரலாற்றைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன். எண்ணம், பணம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவனுக்கு நல்ல எண்ணம் தோன்றுவது அரிதன்று. தோன்றிய எண்ணத்தைச் செய்து பார்க்கச் சிறிது பணமும், பிழைத்தால் திருத்திக்கொள்ளச் சிறிது இடமும் அவனுக்குக் கிடைப்பதே அரிது.

தொழில் நிருவாகம் பயிலும் மாணவர்கள் இப்பொருளை இக்காலத்ததாகவே கருதுவர். ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்னும் ஊரில் கப்பல் கட்டிய வில்லியம் டென்னி, 1880-ஆம் ஆண்டில் தம் தொழிலாளர் கண்டு சொல்லும் புதுமைகளுக்குப் பரிசளிக்கும் திட்டம் வகுத்ததை அவர்கள் படித்திருப்பர். அமெரிக்காவில் 'த்ரீ எம்' என்னும் நிறுவனம் 1948 முதல், தன் ஆய்வாளர்கள் வேலை நேரத்தில் நூற்றுக்கு 15 பங்கைத் தாம் விரும்பிய ஆராய்ச்சியில் செலவிடலாம் என்று விட்டதையும் அறிந்திருப்பர். நம் நாட்டில் 1980-இல் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பாரத மிகுமின் தொழிற்சாலையில், தொழிலாளர்களே சிறு குழுக்களாகக் கூடிக் குறைகளை ஆராயும் தரவட்ட முறை தொடங்கிற்று. இவை யாவும் உண்மையே. ஆனால் நான் சொல்லப்போகும் நிறுவனம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. நம் முன்னோர் அதனைக் கும்பினி என்றார்கள்.

கிழக்கிந்தியக் கும்பினி 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அரசர் சரபோசிக்குக் கோட்டையும் உதவித்தொகையும் எஞ்சின. நாடு கைக்கு வந்தபோதே அதன் நோயும் கைக்கு வந்தது. அந்த நோய் இன்னதென்று சொல்ல ஆற்றின் போக்கைச் சற்று விளக்க வேண்டும்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. நடுவே திருவரங்கத்தை வளைத்துக்கொண்டு சென்று, கல்லணைக்கு அருகே இரண்டும் ஒன்றையொன்று தொடுவதுபோல் நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் தரை தாழ்ந்தது, ஓட்டமும் விரைவானது. தாழ்ந்த இடத்தை நாடுவது நீரின் இயல்பல்லவா? ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடம் மிகுதியான நீரை இழுத்துக்கொண்டு கடலுக்கு ஓட, காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. மேடு உயர உயர நீர் குறையும். நீர் குறையக் குறைய மேடு உயரும். கொள்ளிடத்து நீரால் தஞ்சை வயல்களுக்குப் பயனில்லை. காவிரியும் அதன் கிளைகளும் பாயும் மண்ணே நெல் விளையும் மண்.

கீழே கல்லணை இருந்தது. கரிகாற் சோழன் கட்டியதென்று நாடு போற்றும் அவ்வணை, காவிரி நீர் கொள்ளிடத்தில் சரிந்து வீணாகாமல் காத்துநின்றது. ஆனால் முக்கொம்பிலேயே நீர் வழிமாறிப் போய்விட்டால் கல்லணை எதைக் காக்கும்? காவலாளி கதவருகே விழித்திருக்கையில் பொருள் கொல்லைப்புறமாகப் போன கதைதான். 1804-இல் கால்டுவெல் என்னும் படைத்தலைவர் காவிரியை ஆராய்ந்தார். அவர் யோசனைப்படி கல்லணையின் மேற்புறம் உயர்த்தப்பட்டது. பின்னர் வந்தவர்கள் மணல் தள்ளும் மதகுகள் வைத்தனர். நோய் தலையில் இருக்க மருந்து காலுக்கே பூசப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அவர்களைக் குறை கூறேன்; ஒவ்வொருவரும் ஒரு படி மேலே ஏறினார்கள்.

ஆர்தர் காட்டன் 1803-இல் இங்கிலாந்தில் ஆக்சுபோர்டில் பிறந்தவர். கும்பினியின் அடிசுகோம்பு பள்ளியில் பயின்று, சென்னைப் பொறியியற் படையில் அமர்ந்து, 1821-இல் பதினெட்டு வயது இளைஞராக இங்கு வந்து சேர்ந்தார். முதலில் ஏரிகளைப் பார்வையிடும் வேலை. பிறகு பாம்பன் நீரிணையை அளக்கும் வேலை. இடையே பருமாப் போர். 1820-களின் இறுதியில் காவிரிப் பாசனம் அவர் பொறுப்பில் வந்தது. கும்பினியின் ஏணியில் அவர் நின்ற படி உயர்ந்ததன்று. அவருக்கு மேலே கலெக்டர். அவருக்கு மேலே வருவாய் வாரியம். அதற்கு மேலே சென்னைக் கவர்னரும் ஆலோசனைச் சபையாரும். யாவருக்கும் மேலே, ஏழு கடலுக்கு அப்பால், இலண்டனில் இயக்குநர் சபை. கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நான்கைந்து திங்கள் ஆகும் காலம் அது. கேள்வி போய் விடை வருவதற்குள் ஓர் ஆற்றில் ஒரு வெள்ளம் வந்து வடிந்துவிடும்.

கும்பினியின் பணப்பை எத்தகையது என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கும்பினி வாணிபத்தை அறவே விட்டது. அதன் பின் நாடாள்வதே அதன் தொழில். எனினும் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்தரை வீதம் ஆதாயம் இந்திய வருவாயிலிருந்து கொடுத்தாக வேண்டும். இத்தகைய நிறுவனத்துக்கு உடைந்ததை ஒட்டுவது தெரியும். அதற்கு மராமத்து என்று பெயரிட்டு ஆண்டுக் கணக்கில் ஒரு தொகை எழுதிவிடுவார்கள். இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்வதென்றால் அதற்குக் கணக்கில் பத்தியே கிடையாது. கொள்ளிடத்துக்கு அணை கட்டுவதோ மராமத்து ஆகாது. அதுவரை எவரும் அந்த அகன்ற மணலாற்றின் குறுக்கே அணை கட்டியதில்லை.

ஐரோப்பியப் பொறியியல் நூல்கள் கடினமான தரையைத் தேடி அடித்தளம் இடச் சொல்லின. கொள்ளிடத்திலோ எவ்வளவு தோண்டினாலும் மணல். அந்த நூல்களை மட்டும் நம்பியவர் அங்கு அணை கட்ட முடியாதென்று கையெழுத்திட்டு வீட்டுக்குப் போயிருப்பார். காட்டன் கல்லணைக்குப் போனார். அங்கே ஆராய்ந்ததில், அந்தப் பேரணைக்கு ஆழ்ந்த அடித்தளம் எதுவுமே இல்லை என்பது தெரிந்தது. முரட்டுக் கற்களை மணலின்மேல் இட்டிருக்கிறார்கள். தம் கனத்தால் அவை அமிழ அமிழ, மேலும் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் களிமண். மேலே சுண்ணாம்புக் காரை. ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள அவ்வணை நேர்கோடாக இல்லாமல் வளைந்து வளைந்து கிடக்கிறது. அளவிடப்படாத மணலின்மீது கல் நிலைத்து நிற்கும் என்பதற்குக் கரிகாலன் அணையே சான்றாகக் கிடந்தது.

அத்துடன் இந்நாட்டுக் கொத்தர்கள் மணலில் வட்டக் கிணறு இறக்கி, அதன்மேல் சுவர் எழுப்பும் முறையை நெடுநாளாக அறிந்திருந்தார்கள். உள்ளே மணலை வாரி எடுக்க எடுக்க உறை தானாகக் கீழே இறங்கும். இவ்விரண்டு பாடங்களையும் காட்டன் சேர்த்துக்கொண்டார். மணலில் அடித்தளம் இடும் கலையை இந்நாட்டாரிடமே கற்றோம் என்றும், அவர்களுக்குத் தாமும் தம் இனத்தவரும் பெரிதும் கடன்பட்டிருப்பதாகவும் அவர் முதுமையில் எழுதினார். கும்பினி ஊழியர்களுள் இவ்வாறு எழுதியவர் மிகச் சிலரே. கடனை ஒப்புக்கொண்டவர் பெயர் நமக்குத் தெரிகிறது. கடன் கொடுத்த கொத்தர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வரலாறு படிக்கும் ஒவ்வொரு முறையும் இவ்விடத்தில் நான் சற்று நிற்பதுண்டு.

1834-இல் திட்டம் எழுத்தில் வந்தது. அதில் கேட்டது ஓர் அணையன்று, இரண்டு. முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை. கடலை நோக்கி ஏறக்குறைய எழுபது மைல் கீழே, இன்று அணைக்கரை என வழங்கும் இடத்தில் கீழணை. இரண்டாவது எதற்கு? மேலணையால் காவிரிக்கு நீர் கூடும். அதே அளவு கொள்ளிடத்துக்குக் குறையும். கொள்ளிடத்தின் கடைப்பகுதியை நம்பித் தென்னாற்காட்டிலும் சிதம்பரத்துப் பக்கத்திலும் உழவர்கள் இருந்தார்கள். தஞ்சைக்குக் கொடுப்பதற்காக அவர்கள் வாயில் மண்ணைப் போடலாகாது. கொள்ளிடத்தில் எஞ்சி வரும் நீரைக் கடலுக்கு விடாமல் தடுத்து அவர்களுக்குத் திருப்புவதே கீழணையின் வேலை. தன் எண்ணத்தால் யாருக்குத் தீங்கு நேரும் என்பதைத் தானே முன்கூட்டி ஆராய்ந்து, அதற்கு மாற்றையும் அதே தாளில் எழுதிக் கொடுத்த இச்செயலை, திட்டம் தீட்டப் பழகும் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இன்றும் நம்மிடையே பாதித் திட்டங்கள் மேலணையோடு நின்றுவிடுகின்றன.

அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் சர் பிரெடரிக் ஆடம். அவர் ஆட்சிக் காலத்தில் ஒப்புதலும் பணமும் கிடைத்தன. ஆற்றில் வெள்ளம் இல்லாத திங்கள்கள் சிலவே. அவற்றுக்குள் வேலை முடிந்தாக வேண்டும். 1836-இல் இரண்டு அணைகளும் நின்றன. மேலணை ஆற்றிடைத் திட்டுகளால் மூன்று பகுதியாகப் பிரிந்திருந்தது. அதன் உயரம் ஓர் ஆள் உயரத்தைப் பெரிதும் மிஞ்சாது. தாழ்ந்த சுவர்தான், ஆனால் நீர் திரும்புவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த ஆண்டில் திருவையாற்றில் தியாகராச சுவாமிகள் தம் அறுபத்தொன்பதாம் வயதில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1847-இல் அவர் மறையும்வரை அவர் கண்முன் ஓடிய காவிரி, முக்கொம்பில் திருப்பிவிடப்பட்ட காவிரி. இரு வரலாறுகளையும் தனித்தனி நூல்களில் படித்திருந்த எனக்கு, இரண்டும் ஒரே படித்துறையில் சந்திக்கின்றன என்பது நெடுநாள் கழித்தே உறைத்தது.

அணை கட்டியதோடு கதை முடியவில்லை. எண்ணியதற்கு மேலாகவே நீர் காவிரியில் புகுந்தது. வறண்டு கிடந்த ஆறு இப்போது தன் படுகையை அரிக்கத் தொடங்கிற்று. கரைகளுக்கு அச்சம் பிறந்தது. கும்பினிப் பொறியாளர்கள் அணையைச் சிறிது மாற்றினார்கள். 1840-களில் காவிரித் தலைப்பின் குறுக்கே, படுகை மட்டத்தில், மண் அரிப்பைத் தடுக்கும் தரைச்சுவர் ஒன்றையும் கட்டினார்கள். அதாவது புதுமை பிழைபட்டது, பிழை திருத்தப்பட்டது, திருத்துவதற்கும் பணம் ஒதுக்கப்பட்டது. முதற் பிழையைக் கண்டதும், "நாங்கள் அப்போதே சொன்னோம்" என்று கோப்பை மூடியிருந்தால் தஞ்சையின் வரலாறு வேறாகியிருக்கும்.

இவ்விடத்தில் என் சொந்த நினைவு ஒன்று குறுக்கிடுகிறது, பொறுத்தருள்க. இளமையில் நான் சிறிது காலம் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வாய்க்கால் மதகுகளைத் திறந்து அடைக்கும் லஸ்கர் ஒருவர் அங்கே ஒரு மனுக் கொடுத்தார். ஒரு மதகின் திருகு இறுகிப்போய் நடு இரவில் திறக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கிறதென்றும், கைப்பிடியை நீட்டி அமைத்தால் ஒருவரே திறக்கலாமென்றும், கொல்லனுக்கு நாற்பது ரூபாய் கொடுத்தால் போதுமென்றும் அதில் இருந்தது. மனு மேலே சென்றது. விளக்கம் கேட்டுக் கீழே வந்தது. மறுபடி மேலே சென்றது. எழுதிய தாளுக்கும் மைக்கும் ஆன செலவு நாற்பதைத் தாண்டியிருக்கும். இரண்டு ஆண்டுக்குப்பின் 'புதிய செலவினம். தலைப்பு இல்லை' என்ற குறிப்புடன் கோப்பு முடிந்தது. அக்குறிப்பைப் படியெடுத்தவன் நான்தான். அந்த மனிதர் பிறகு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. கொள்ளிடத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் முகமே எனக்கு முன்னே வருகிறது.

கொள்ளிடத்தில் வென்ற எண்ணத்துக்கு அடுத்த முறை கதவு எளிதாகத் திறந்தது. கோதாவரிக் கழிமுகம் பஞ்சத்தாலும் 1839-ஆம் ஆண்டுப் புயலாலும் சீரழிந்து கிடந்தது. அதை ஆராய்ந்த மாண்ட்கோமரி என்பார், தஞ்சையில் பயன் தந்த முறையை அங்கும் கையாளலாமென்றும், அதற்குக் காட்டனையே அனுப்ப வேண்டுமென்றும் 1844-இல் எழுதினார். தவளேசுவரத்தில் 1847-இல் தொடங்கிய அணை 1852-இல் முடிந்தது. அங்கே வீணம் வீரண்ணா என்னும் தெலுங்கர், காட்டனுக்கு வலக்கையாக இருந்து ஆட்களைத் திரட்டி வேலை நடத்தினார். பின்னர் அவருக்கு ராய் பகதூர் பட்டம் கிடைத்தது. காவிரிக் கரையில் பெயரிழந்துபோன கைகளுக்குக் கோதாவரிக் கரையில் ஒரு பெயராவது நிலைத்தது.

1852-இல் சென்னை மாகாணத்துப் பொதுப்பணிகளை ஆராய்ந்த குழுவினர், செய்த பாசன வேலைகள் போட்ட முதலைப் பன்மடங்கு திருப்பித் தந்திருக்க, அரசு தன் வருவாயில் மிகச் சிறிய பங்கையே இவ்வேலைகளுக்கு ஒதுக்கிவந்ததை எடுத்துக்காட்டினார்கள். அக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் காட்டனின் தம்பி பிரெடரிக் காட்டன். ஆகையால் அறிக்கையைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் கணக்கு கணக்குத்தானே! பத்தாண்டு கழியுமுன்பே பொதுப்பணிக்குத் தனித்துறை ஏற்பட்டது. புதுவேலைக்குக் கணக்கில் ஒரு பத்தி பிறந்தது.

இவ்வளவும் கேட்டு, நல்ல எண்ணமுடையவன் கேட்ட பணத்தையெல்லாம் கொடுத்துவிடுவதே முறை என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டா. அதே காட்டனின் யோசனையில் பிறந்த சென்னை நீர்ப்பாசனக் கம்பெனி, 1858-இல் துங்கபத்திரையிலிருந்து கர்நூல், கடப்பை வழியாகக் கால்வாய் வெட்ட இறங்கியது. முதல் போட்டவர்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டி தருவதாக அரசே உறுதிகூறியது. கால்வாயில் நீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி வரும். அப்படியிருக்க, அப்பகுதிக் கரிசல் மண்ணின் உழவன் அந்நீரை விரும்புவானா என்று யார் போய்க் கேட்பார்? கேட்கவில்லை. எதிர்பார்த்த நிலத்தில் சிறு பகுதியே பாசனம் பெற்றது. 1882-இல் அரசு அதனை விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. கொள்ளிடத்தில், கல்லணையின் கல்லை ஆராய்ந்து பார்த்த பிறகே பணம் வந்தது. கர்நூலில், பணம் வந்த பிறகும் ஆராய்ச்சி வரவில்லை. எண்ணம் ஒருவருடையதே, பணம் வந்த வழிதான் வேறு.

காட்டன் 1861-இல் சர் பட்டம் பெற்று, 1899-இல் மறைந்தார். முக்கொம்பு மேலணை பிற்காலத்தில் இரும்பு அடைப்புகளோடு மாற்றியமைக்கப்பட்டது. 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, பெருவெள்ளம் சென்றுகொண்டிருக்கையில், அதன் 45 மதகுகளில் ஒன்பது சரிந்து ஆற்றோடு போயின. செய்தி கேட்ட மறுநாள் நான் திருவையாற்றுப் பாலத்தின்மேல் வெகு நேரம் நின்றேன். பின்னர் அதனருகே புதிய கதவணை எழுந்தது.

கீழணையிலிருந்து வடவாறு என்னும் கால்வாய் பிரிகிறது. தஞ்சைக்கு அருகே நாம் கடக்கும் வடவாறு வேறு, இது வேறு. இக்கால்வாய் சோழர் காலத்து வீராணம் ஏரிக்கு நீர் கொண்டு செல்கிறது. 2004 முதல் அந்த ஏரி நீர் குழாய் வழியாகச் சென்னை நகரத்துக்கும் போகிறது. கொள்ளிடத்துக் கடைமடை உழவர் நீரிழக்கலாகாது என்று ஒரு தாளின் இரண்டாம் பகுதியாக எழுதப்பட்ட அணையின் நீரை, சென்னையில் எங்கோ ஒரு வீட்டில், நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவர் இப்போது குடித்துக்கொண்டிருக்கலாம்.